என் வீட்டுக் கதை வடமராட்சிக்குப் போன வழி

நான் நாடகத்தில் சேர்ந்தது ஆட்களைச் சிரிக்க வைப்பதற்கு அல்ல. பதினாறு வயதில் என்னை ராணி வேஷத்துக்குத்தான் எடுத்தார்கள். மெலிந்த உடம்பு, மீசை அரும்பாத முகம், பெண்பிள்ளையின் குரல். இறந்துபோன மகனை மடியில் கிடத்தி அழுகிற காட்சியில் பாட்டை மேலே எடுத்தபோது என் தொண்டை உடைந்தது. குரல் பாதி எனக்கும் பாதி ஒரு கழுதைக்கும் சொந்தமாகி வெளியே வந்தது. கொட்டகை முழுவதும் சிரித்தது. மடியில் செத்துக் கிடந்த மகனும் சிரித்தான். அவனுடைய முதுகு குலுங்கியதை என் தொடையில் உணர்ந்துகொண்டே மிச்சப் பாட்டையும் பாடி முடித்தேன்.

எங்களைப் பழக்கிய அண்ணாவியார் அடுத்த நாள் என்னைக் கூப்பிட்டு, இனி நீ ராணியில்லை, பபூன் என்றார். அவர் அதைத் தண்டனையாகச் சொன்னாரா, கண்டுபிடிப்பாகச் சொன்னாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் அன்று பிடித்த வியாதி ஒன்று உண்டு. யாராவது சிரித்தால், என்னிடம் இருப்பதைப் பார்த்துச் சிரிக்கிறார்களா, நான் கொடுப்பதை வாங்கிச் சிரிக்கிறார்களா என்று முதலில் சந்தேகப்படுவேன். தெருவில் இரண்டு பேர் சிரித்துக்கொண்டு போனால் வேட்டியைச் சரிபார்ப்பேன். பபூனாக இருபது வருடம் பேர் எடுத்தவன் இப்படி இருந்தான் என்றால் யாரும் நம்பமாட்டார்கள். ஆனால் என்னோடு அந்தத் தொழிலில் இருந்த எல்லோரும் ஏறக்குறைய இப்படித்தான் இருந்தார்கள்.

எனக்குப் பெண் எடுத்தது உடுவிலில். எங்கள் பக்கத்து வழக்கப்படி நான்தான் அவளுடைய சீதன வீட்டுக்குக் குடிபோனேன். என் மனைவி அந்த ஊர்ப் பெண்கள் பள்ளிக்கூடத்தில் ஏழாம் வகுப்புவரை படித்தவள். எழுத்து அச்சுப் போல இருக்கும். அவளுக்கு ஒரேயொரு அக்கா. அவரை வடமராட்சியில், வல்வெட்டித்துறைச் சந்தியில் சாமான் கடை வைத்திருந்த ஒருவருக்குக் கட்டிக் கொடுத்திருந்தார்கள். தாய் தகப்பன் காலமான பிறகு சகோதரிகள் இருவருக்கும் இடையில் கடிதம்தான் போக்குவரத்து. கிழமைக்கு ஒன்று என்று போகும், வரும்.

கல்யாணமான மூன்றாம் நாள் என் சின்ன மாமன் சாப்பிட வந்தார். அவர் போன பிறகு பாத்திரங்களை எடுத்து அடுக்கிக்கொண்டே அவள் சொன்னாள்: "கறிக்கு உப்புக் காணாது எண்டு சொல்லுறதுக்காக உங்கடை மாமா மூண்டு தரம் சோறு போட்டுச் சாப்பிட்டவர்."

முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. இடது புருவம் மட்டும் கொஞ்சம் ஏறியிருந்தது. நான் சிரித்துப் புரையேறி முற்றத்துக்கு ஓடினேன். ஓடும்போதே, இதை மேடையில் எந்த இடத்தில் வைக்கலாம் என்று மனம் தேடத் தொடங்கிவிட்டது.

அதற்குப் பிறகு எனக்குச் சரக்குக்குப் பஞ்சமில்லை. அதற்கு முன்பு நான் கதை தேடி அலைந்தவன். ஒரு ஊரில் நாடகம் என்றால் அன்று காலையிலேயே போய்த் தேத்தண்ணிக் கடையில் இருந்து, அந்த ஊரில் யாருடைய மாடு யாருடைய தோட்டத்துக்குள் போனது என்று விசாரித்து வைத்துக்கொள்வேன். கல்யாணத்துக்குப் பிறகு அந்த அலைச்சல் குறைந்தது. அவள் சமைக்கும்போது குசினி வாசலில் குந்தியிருந்தால் போதும். எங்கள் வீட்டு ஆடு பேப்பரைத் தின்றபோது, இந்த வீட்டில் பேப்பரை முழுக்கப் படிப்பது ஆடு ஒன்றுதான் என்றாள். அது அடுத்த சனிக்கிழமை மேடைக்குப் போனது. நான் தோளில் தொங்கிய குடையை அரை மணித்தியாலம் தேடியபோது, குடைக்கு உங்களைத் தெரியும், உங்களுக்குத்தான் குடையைத் தெரியவில்லை என்றாள். அதுவும் போனது. தலையில் துவாயைச் சுற்றி, ஒரு கையை இடுப்பில் வைத்து, இடது புருவத்தை ஏற்றி, நான் வீட்டுக்காரி வேஷம் கட்டினால் கொட்டகைத் தகரம் அதிரும். ராசா வேஷக்காரனைப் பார்க்க வந்தவர்கள் என்னைப் பற்றிக் கதைத்துக்கொண்டு போனார்கள்.

அவளைக் கேட்டேனா என்றால் இல்லை. கேட்க வேண்டும் என்று தோன்றவும் இல்லை. என் வீட்டில் என் காதில் விழுந்தது என்னுடையது என்று நினைத்திருந்தேன்.

ஒருநாள் அவள் கோயிலுக்குப் போய்விட்டு நேரத்தோடு திரும்பி வந்தாள். என்ன என்று கேட்டதற்கு ஒன்றும் இல்லை என்றாள். பிறகு அயலவர்களிடமிருந்து தெரிந்தது. தேர்முட்டியடியில் நான்கைந்து பெண்கள் அவளைச் சுற்றிக்கொண்டு, உங்கள் ஆடு இப்போதும் பேப்பர் படிக்கிறதா என்று கேட்டார்களாம். ஒருத்தி அவளுடைய புருவத்தைப் பார்க்க வேண்டும் என்று முகத்தைத் திருப்பினாளாம்.

அன்றிலிருந்து அவள் கதைப்பது குறைந்தது. சண்டை இல்லை. சோறு வேளைக்கு வந்தது. கேட்டதற்கு ஓம், இல்லை என்று பதில் வந்தது. அதற்கு மேல் ஒரு சொல் இல்லை. முதலில் ஏதோ சுகவீனம் என்று நினைத்தேன். இரண்டு மாதம் போன பிறகுதான், என் சரக்கறை வெறுமையாகிக்கொண்டு வருவது எனக்கு உறைத்தது. மேடையில் பழையதையே திருப்பிச் சொன்னேன். முன்வரிசை ஆட்கள் நான் சொல்வதற்கு முன்பே சொன்னார்கள்.

இந்த நேரத்தில்தான் நான் ஒரு காரியம் செய்தேன். எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதாமல் விட்டால் மற்றதெல்லாம் விளங்காது. எங்கள் மகளுக்கு அப்போது ஐந்து வயது. ஒரு நாள் காலை கிணற்றடிப் பாசியில் அவள் வழுக்கி விழுந்தாள். சும்மா விழவில்லை. ஒரு கால் முன்னே போய், மற்றக் கால் அதைத் தேடிப் போய், இரண்டு கையும் காற்றைப் பிடித்து, கடைசியில் பட்டென்று குந்தினாள். பன்னிரண்டு வருடம் மேடையில் விழுந்து பழகிய எனக்கு அப்படி ஒரு விழுகை வாய்த்ததில்லை. பிள்ளை அழுதுகொண்டு கையை நீட்டியது. நான் தூக்கவில்லை. இன்னொருக்கால் அப்படி விழுந்து காட்டு, அப்பா பார்க்க வேண்டும் என்றேன்.

மனைவி குசினியிலிருந்து வந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனாள். வேலியோரம் கதிரையில் எங்கள் ஆர்மோனியக்காரர் இருந்தார். அன்று ஒரு பாட்டைச் சரிபார்க்க வந்தவர். பெட்டியின் துருத்தியை மெல்ல மூடித் திறந்துகொண்டிருந்தார்.

அது நடந்து இரண்டு மூன்று கிழமை இருக்கும். எங்களுக்கு வேஷம் பூசுகிறவர் வடமராட்சிப் பக்கம் ஒரு நாடகத்துக்குப் போய்விட்டு வந்து, அங்கே ஒரு புதுப் பபூன் கிளம்பியிருக்கிறான் என்றார். இளம் வயது, முன்பல் ஒன்று இல்லை, ஆனால் ஆளை எழும்ப விடமாட்டான் என்றார். அவன் செய்வது பபூன் வேஷம்கூட இல்லையாம். பபூன் வீட்டில் எப்படி இருப்பான் என்று செய்து காட்டுகிறானாம். ஊரையெல்லாம் சிரிக்க வைத்துவிட்டு வீட்டில் உம்மென்று இருக்கிற ஒரு பபூன். அலுமாரிக் கண்ணாடிக்கு முன்னால் நின்று சிரிக்கப் பழகுகிற பபூன்.

வேஷம் பூசுகிறவர் சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் அலுமாரிக் கண்ணாடிக்கு முன்னால் நின்று சிரிக்கப் பழகுகிறவன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பருத்தித்துறையில் அவர்களுக்குப் பகல் ஆட்டம் இருந்தது. சால்வையை முகத்துக்கு இழுத்துவிட்டுப் பின்வரிசையில் போய் இருந்தேன். அவன் நன்றாகச் செய்தான். அதைச் சொல்லத்தான் வேண்டும். கண்ணாடி வந்தது. குடை வந்தது. பிறகு, பிள்ளை விழுந்து அழுகிறது, தகப்பன் பபூன் ஓடிவந்து, தூக்கப் போகிறான் என்று எல்லோரும் பார்க்க, குனிந்து நின்று, இன்னொருக்கால் விழு ராசாத்தி என்கிறான்.

கொட்டகை சிரித்தது. பக்கத்தில் இருந்த கிழவர் என் தொடையில் தட்டிச் சிரித்தார். நான் பல்லைக் காட்டிக்கொண்டு இருந்தேன். அன்று காலை கிணற்றடியில் இருந்தவர்கள் நான்கு பேர். நான், என் மனைவி, பிள்ளை, ஆர்மோனியக்காரர்.

பிள்ளைக்கு ஐந்து வயது. மனைவியோ என்னோடேயே கதைப்பதில்லை, ஊரோடு எங்கே கதைப்பாள் என்று நினைத்தேன். மிஞ்சியது ஒருவர்.

அந்த மனிதரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கொக்குவில் ஆள். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அண்ணை என்றுதான் கூப்பிடுவேன். என் குரல் உடைந்த நாளில் பெட்டியைச் சத்தமாக வாசித்து என் குரலை மூடப் பார்த்தவர் அவர்தான். பன்னிரண்டு வருடம் நான் மேடையில் எந்த இடத்தில் மூச்சு விடுவேன் என்று அவருக்குத் தெரியும். நான் ஒரு வரியை மறந்தால் அந்த இடைவெளியை நிரப்ப அவருடைய விரல் முந்திக்கொள்ளும். இவ்வளவும் தெரிந்திருந்தும் அவரைத்தான் சந்தேகப்பட்டேன். சந்தேகப்படத் தொடங்கியதும் எல்லாம் பொருந்தி வந்தது. அவர் அடிக்கடி வடமராட்சிக்குப் போவார், மகளைக் கட்டிக் கொடுத்தது அங்கே. அண்மையில் என்னைக் கண்டால் தலையைக் குனிகிறார். நான் சொல்கிற பகிடிக்கு முன்னைப் போலச் சிரிப்பதில்லை.

தனியே கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். நான் அப்படிச் செய்யவில்லை. ஒத்திகைக்கு எல்லோரும் கூடியிருந்த பின்னேரம், என் முறை வந்தபோது, ஆர்மோனியத்தைச் சுற்றி ஒருதரம் நடந்தேன். இந்தப் பெட்டி அதிசயமான பெட்டி என்றேன். மற்றப் பெட்டிகளுக்குள் காற்று மட்டும் போகும், இதற்குள் அடுத்த வீட்டுக் கதையும் போகும், இந்தப் பக்கம் உடுவிலில் அமத்தினால் அந்தப் பக்கம் பருத்தித்துறையில் சத்தம் வரும் என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நான் இன்னும் இரண்டு மூன்று சொன்னேன். நல்ல பகிடிகள்தான், கவனமாக யோசித்துக்கொண்டு போயிருந்தேன்.

அவருக்கு விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. விளங்கியதும் துருத்தியைக் கொளுவினார். பெட்டியைத் துணியால் சுற்றினார். "தம்பி, நான் போட்டு வாறன்" என்று சொல்லிவிட்டுப் போனார். பிறகு வரவில்லை.

கதை நிற்கும் என்று நினைத்தேன். நிற்கவில்லை. அடுத்த மாதம் வடமராட்சிப் பபூன், தன் கூட்டாளியைத் துரத்திவிட்டு வீட்டு முற்றத்தில் ஒத்திகை பார்க்கும்போது மூச்சு எடுக்க இடம் தெரியாமல் திணறுகிற பபூன் ஒருவனைச் செய்தான் என்று கேள்விப்பட்டேன்.

அப்போது எனக்கு எல்லோர் மீதும் சந்தேகம் வந்தது. வேலியில் கிடுகு விலகிய இடமெல்லாம் பனையோலை வைத்து அடைத்தேன். அடுத்த வீட்டுக்காரர் எங்கள் பக்கம் பார்த்துத் துப்பினால்கூட, ஏன் இந்த நேரத்தில் துப்புகிறார் என்று யோசித்தேன். பிறகு ஒரு தந்திரம் செய்தேன். ஒவ்வொருவருக்கும் என்னைப் பற்றி ஒவ்வொரு பொய்யைச் சொன்னேன். அடுத்த வீட்டுக்காரரிடம், எனக்குப் பல்லி என்றால் பயம் என்றேன். வேஷம் பூசுகிறவரிடம், மீசைக்குக் கரி பூசுகிறேன் என்றேன். ராசா வேஷக்காரனிடம், எனக்கு ஒரு காது கேட்பதில்லை என்றேன். திரை இழுக்கிறவரிடம், நித்திரையில் எழுந்து நடக்கிறேன் என்றேன். எந்தப் பொய் வடமராட்சியில் மேடை ஏறுகிறதோ அதை வைத்து ஆளைப் பிடிக்கலாம் என்பது என் எண்ணம். யாருக்கு எதைச் சொன்னேன் என்று மறந்துபோகாமல் ஒரு கொப்பியில் எழுதி, என் மேசை லாச்சிக்குள் வைத்தேன்.

இரண்டு கிழமை பொறுத்து மறுபடியும் பருத்தித்துறைக்குப் போனேன். சால்வை, பின்வரிசை. பல்லி வரவில்லை. மீசைக் கரியும் வரவில்லை. அவன் மேடைக்கு ஒரு கொப்பியோடு வந்தான். ஆள் ஆளாகக் கூப்பிட்டு ஒவ்வொருவருக்கும் ஒரு பொய் சொல்லிவிட்டு, திரும்பி நின்று கொப்பியில் எழுதினான். நான்காவது ஆளுக்கு எந்தப் பொய் என்று குழம்பி, கொப்பியைப் புரட்டி, கடைசியில் தனக்கு ஒரு காது கேட்காது என்பதைத் தானே நம்பி, மற்றவன் கூப்பிடும்போது திரும்பாமல் நின்றான்.

நான் சிரிப்பு முடியுமுன்பே எழுந்து வெளியே வந்துவிட்டேன். அந்த லாச்சியைத் திறக்கிற கை எங்கள் வீட்டில் இன்னும் ஒன்றுதான் இருந்தது.

திரும்பி வருகிற வழியெல்லாம் என் மனம் போன போக்கை முழுவதும் எழுத மாட்டேன். அவன் இளம் வயதுக்காரன். நான் கிழமையில் மூன்று நாள் வீட்டில் இல்லாதவன். அவ்வளவு சொன்னால் போதும். வீட்டுக்கு வந்து ஒன்றும் கேட்கவில்லை. பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் படலைக்குப் போனால் பார்த்தேன். யாரோடு கதைக்கிறாள் என்று பார்த்தேன். அவள் யாரோடும் கதைக்கவில்லை. புதன்கிழமை பின்னேரம் பிள்ளையை நித்திரையாக்கிவிட்டு என் மேசையில் வந்து இருந்து எழுதினாள். எழுதி, மடித்து, ஒட்டி, வழக்கம்போல என்னிடம் தந்தாள்.

"கந்தோர்ப் பக்கம் போனால் இதைப் போட்டுவிடுங்கோ."

வருடக்கணக்காக அவளுடைய கடிதங்களைத் தபால் கந்தோரில் போட்டவன் நான். ஒருதரமாவது உள்ளே என்ன இருக்கும் என்று நினைத்ததில்லை. அக்காவுக்குத் தங்கை என்ன எழுதுவாள், பிள்ளைக்குத் தடிமன், வெங்காயம் நட்டாயிற்று என்று எழுதுவாள் என்று நினைத்திருந்தேன். அன்று சைக்கிளைக் கந்தோருக்கு விடாமல் ஒரு புளியமரத்தடியில் நிறுத்திக் கடிதத்தைப் பிரித்தேன்.

அது முழுவதும் நான்தான். நான் வேலிக்கு ஓலை வைத்தது. அடுத்த வீட்டுக்காரர் துப்பியதற்கு நான் திரும்பித் துப்பலாமா என்று யோசித்து நின்றது. ஒரு காது கேட்காது என்று பொய் சொன்ன நாளிலிருந்து ராசா வேஷக்காரன் வீட்டுக்கு வந்தால் என்னோடு கத்திக் கதைக்கத் தொடங்கியது. 'இவர் பருத்தித்துறைக்குப் போகும்போது சால்வையால் முகத்தை மூடிக்கொண்டு போகிறார். ஊரில் அந்தச் சால்வை இவரிடம் மட்டும்தான் இருக்கிறது' என்று ஒரு வரி.

நான் புளியமரத்தடியில் இருந்து சிரித்தேன். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவளுடைய குரலைக் கேட்டேன். வண்டிலோடு போன ஒருவர் நிறுத்தி, என்ன தம்பி, சுகமில்லையா என்று விசாரித்துவிட்டுப் போனார்.

சிரித்து முடிந்ததும் சந்தேகம் திரும்பி வந்தது. கடிதம் அக்காவுக்குத்தான் எழுதியிருந்தது. அந்தப் பபூனைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அப்படியானால் அவனிடம் எப்படிப் போகிறது? சோற்றுப் பருக்கை தேடிக் கடிதத்தைத் திருப்பி ஒட்டித் தபாலில் போட்டேன். வெள்ளிக்கிழமை அது வல்வெட்டித்துறைக்குப் போய்ச் சேரும் என்று கணக்கிட்டு, அன்று விடிய நானும் சைக்கிளில் வெளிக்கிட்டேன். ஒத்திகை என்று வீட்டில் சொன்னேன். அச்சுவேலி தாண்டித் தொண்டைமானாற்றுப் பாலத்தில் எதிர்க்காற்று. இறங்கி உருட்டிக்கொண்டு போனேன்.

சகலனுடைய கடை சந்திக்குப் பக்கத்தில். கயிறு, பாய்ச்சீலை, ஆணி, அரிசி எல்லாம் இருக்கும். வாசலில் ஒரு நீள வாங்கு. நான் போனபோது அந்த வாங்கில் ஆறேழு பேர் தேத்தண்ணியோடு இருந்தார்கள். வள்ளக்காரர் இரண்டு பேர், ஒரு வாத்தியார், மற்றவர்கள் யாரென்று தெரியவில்லை. சகலன் கதிரையில் இருந்து, கையில் பிரித்த கடிதத்தோடு, ராகம் போட்டு வாசித்துக்கொண்டிருந்தார். ஓலை வரிக்கு இரண்டு பேர்தான் சிரித்தார்கள். இப்போது சால்வை வரியில் நிற்கிறார். வாங்கு முழுவதும் சிரிக்கிறது. ஓரத்தில் இருந்தவனுக்கு முன்பல் ஒன்று இல்லை.

சகலன் என்னைக் கண்டார். கடிதம் கையில் இருந்து நழுவியது.

"வாரும், வாரும். உதிலை இரும்" என்றார். இருக்க இடம் இருக்கவில்லை.

பிறகு எல்லாம் வெளியே வந்தது. அக்காவுக்கு வருகிற கடிதத்தைத் தபால்காரர் கடையில்தான் கொடுப்பார். சகலன் முதலில் தான் படிக்கத் தொடங்கினார். பிறகு பக்கத்தில் இருந்தவருக்கு ஒரு வரி வாசித்தார். பிறகு வெள்ளிக்கிழமை என்றால் ஆட்கள் தாமாகவே வந்து இருக்கத் தொடங்கினார்கள். அக்காவுக்கு இது தெரியாது. கடிதம் ஏன் எப்போதும் பிரித்தபடி வருகிறது என்று கேட்டால், அவசரமான விஷயமோ என்று பார்த்தேன் என்பாராம்.

பபூன் எழுந்து நின்றான். அவனுக்கு யாருடைய கதை என்றே தெரியாதாம். யாரோ உடுவில் பெண் தன் புருஷனைப் பற்றி எழுதுகிறாள் என்றுதான் அவனுக்குச் சொல்லியிருந்தார்களாம். இப்போது என்னைப் பார்த்து, சைக்கிளில் தொங்கிய சால்வையைப் பார்த்து, விளங்கிக்கொண்டான்.

"அண்ணை, உங்கடை ஆட்டத்தைப் பாத்துத்தான் நான் பபூன் ஆனனான்" என்றான். "உது நீங்கள் எண்டு சத்தியமாய் எனக்குத் தெரியாது."

நம்புவதா விடுவதா என்று அந்த இடத்தில் என்னால் முடிவுசெய்ய முடியவில்லை. இன்றும் முழுவதாக நம்பவில்லை. ஆனால் சண்டை பிடிக்க எனக்கு என்ன இருந்தது? அவன் செய்ததைத்தான் நான் பல வருடமாகச் செய்திருந்தேன். அதுவும் தெரிந்தே செய்திருந்தேன்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் எல்லாம் சொன்னேன். கடிதத்தைப் பிரித்ததையும் சொன்னேன். அவள் அரிவாளில் வெண்டிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கையை நிறுத்திவிட்டுக் கேட்டாள். வாங்கு, தேத்தண்ணி, வள்ளக்காரர், பபூன். கோபப்படுவாள் அல்லது அழுவாள் என்று எதிர்பார்த்தேன்.

"சிரிச்சவையோ?" என்று கேட்டாள்.

ஓம் என்றேன்.

"எந்த இடத்திலை?"

சொன்னேன். சால்வைக்கு எல்லோரும் சிரித்தார்கள் என்றும், ஓலைக்கு இரண்டு பேர்தான் சிரித்தார்கள் என்றும் சொன்னேன். ஓலையைப் பற்றி நீட்டி எழுதியது பிழை என்று அவள் தனக்குள் சொல்லிக்கொண்டது எனக்குக் கேட்டது. அதற்குப் பிறகுதான் கோபம் வந்தது. முதலில் சகலன் மீது. அக்காவுக்கு எழுதியதை வாசிக்க இவர் யார் என்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"நீங்கள் நான் கதைச்சதையெல்லாம் கொண்டுபோய்ச் சொன்னனீங்கள். ஆர் சொன்னது எண்டு ஒரு நாளும் சொல்லேல்லை. சனம் உங்களுக்குக் கை தட்டிச்சுது, என்ரை முகத்தைத் திருப்பிப் பாத்துது. அதுதான் வாயை மூடினனான். எழுதினால் கீழை என்ரை பேர் கிடக்கும்."

வடமராட்சிக்காரனைப் பற்றி நான் நினைத்திருந்ததை அவளுக்குச் சொல்லவில்லை. அவள் ஊகித்திருப்பாள். சில நாள் என்னைப் பார்த்த பார்வையில் அது இருந்தது.

கொக்குவிலுக்குப் போக எனக்கு ஒரு கிழமை பிடித்தது. ஆர்மோனியக்காரர் கத்தரித் தோட்டத்துக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தார். மண்வெட்டியைக் கீழே வைக்கவில்லை. நான் வரம்பில் நின்று நடந்ததைச் சொன்னேன், மன்னிப்புக் கேட்டேன். ஒரு வாய்க்காலை அடைத்து மற்றதைத் திறந்துவிட்டு நிமிர்ந்தார்.

"நீ என்னைச் சந்தேகப்பட்டதிலை எனக்கு ஒண்டுமில்லைத் தம்பி. ஆரும் சந்தேகப்படலாம். ஆனால் எல்லாரையும் சிரிக்க வைச்சுச் சொன்னாய். நானும் கொஞ்சம் சிரிச்சிட்டன், எனக்கெண்டு விளங்க முந்தி. அதைத்தான் என்னாலை மறக்கேலாமல் கிடக்கு."

தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகச் சொன்னார். குடித்தேன். அவர் நாடகத்துக்குத் திரும்பி வரவில்லை. கோயில் பஜனைக்கு வாசிக்கிறார் என்று கேள்விப்பட்டேன். அவருக்குப் பிறகு வந்தவர் கெட்டிக்காரர்தான். ஆனால் நான் வரியை மறக்கும்போது அவரும் என்னோடு சேர்ந்து என்ன வரும் என்று பார்த்துக்கொண்டிருப்பார்.

பிறகு இரண்டாம் உலக யுத்தம் வந்தது. மண்ணெண்ணெய்க்கும் சீலைக்கும் கூப்பன் வந்தது. பெற்றோமக்ஸ் விளக்கு எரிக்க வழியில்லாமல் எங்கள் ஆட்டங்கள் குறைந்தன. இருந்த கொட்டகைகளில் சில படம் காட்டப் போயின. வடமராட்சிப் பபூன் கொழும்புக்குப் போய் ஒரு கடையில் வேலை பார்த்தான்.

அந்தக் காலத்தில்தான் ஒருநாள் அவளிடம் கேட்டேன், எனக்கு ஒன்று எழுதித் தர முடியுமா என்று. மாட்டேன் என்றாள். மூன்று மாதம் கழித்து நான்கு பக்கம் மேசையில் கிடந்தது. கூப்பன் அரிசி வாங்கப் போன ஒரு குடும்பத்தின் கதை. கீழே அவளுடைய பெயர், பள்ளிக்கூடத்தில் பழகிய எழுத்தில். மேடையில் அவளுடைய பெயரைச் சொல்வதென்றால் செய்யலாம், இல்லாவிட்டால் தாளைத் திருப்பித் தந்துவிட வேண்டும் என்றாள்.

கொக்குவிலுக்குப் பக்கத்துத் திருநெல்வேலியில் ஒரு பின்னேர ஆட்டம். நான் முன்னால் வந்து, இப்போது சொல்லப்போவது என் மனைவி எழுதியது என்று சொன்னேன். பெயரையும் சொன்னேன்.

கொட்டகை சிரித்தது. அன்று முழுவதும் விழுந்த சிரிப்புகளில் அதுதான் பெரியது. நான் கையை உயர்த்தி, பகிடி இல்லை, உண்மையாகத்தான் என்றேன். இன்னும் சிரித்தார்கள். அதற்குப் பிறகு அவள் எழுதியதைச் சொன்னேன், அதற்கும் சிரித்தார்கள். ஆனால் அவள் எழுதியது என்று ஒருவரும் நம்பவில்லை என்பது எனக்குத் தெரிந்தது.

வீட்டுக்கு வந்து மறைக்காமல் சொன்னேன்.

"எப்பிடிச் சொன்னனீங்கள்? நிண்டு சொல்லிக் காட்டுங்கோ."

குசினி நடுவில் நின்று, கொட்டகையில் சொன்னபடி சொன்னேன். பெயரையும் சொன்னேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னொருக்காச் சொல்லுங்கோ."

இன்னொருதரம் சொன்னேன்.

"பேர் சொல்லேக்கை கண்ணைச் சிமிட்டினீங்கள்" என்றாள்.

இல்லை என்றேன். அவள் நம்பவில்லை. அலுமாரிக் கண்ணாடிக்கு முன்னால் போய் நின்று அதே வசனத்தைச் சொல்லிப் பார்த்தேன். நான்கைந்து தரம் சொன்னேன். கண்ணாடிக்குள் இருந்தவன் ஒருதரம் சிமிட்டியது போலவும் இருந்தது, இல்லாதது போலவும் இருந்தது.